நீதிபதி, ஜூரி, கலப்பு அமர்வு: கடலூர், புதுச்சேரி கொலை வழக்குகளுக்கு எது பொருந்தும்?

பரபரப்பான கொலை வழக்கு ஒன்றில் எல்லாரும் விடுதலை என்று செய்தி வந்தால், கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஒரு பேச்சு கட்டாயம் எழும்: "ஒத்தை ஆள் கையில விட்டா இப்படித்தான், ஜூரி இருந்திருக்கணும்." ஜூரி என்றால் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்க உட்கார வைக்கப்படும் பொதுமக்கள் குழு. புதுச்சேரியில் இந்தப் பேச்சுக்குக் கனம் கொஞ்சம் கூடுதல். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் குலுக்கல் நடந்து, ஜூரியாக வரச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் வரலாம். அங்கே அத்தை மகன் கொலை வழக்கில் ஓட்டுப் போடுகிறான், இங்கே நாம் வேடிக்கை பார்க்கிறோம் என்ற ஒப்பீடு தானாகவே வந்துவிடுகிறது.

இது வெறும் பேச்சுப் போட்டித் தலைப்பும் அல்ல. குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் அரசமைப்பில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன் எல்லைக்குள் திருத்தம் செய்ய முடியும். ஆக, எந்த முறை வேண்டும் என்பது எடுக்கக்கூடிய முடிவுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 12 பேர் ஜூரி நம் பக்கத்துக்கு வேண்டாம். நீதிபதிகளும் பொதுமக்களும் சேர்ந்து உட்காரும் கலப்பு அமர்வைச் சில வகை வழக்குகளில் மட்டும், சில நிபந்தனைகளோடு முயன்று பார்க்கலாம். மற்றவை இப்போதிருக்கும் செஷன்ஸ் நீதிபதியிடமே இருக்கட்டும், ஆனால் அங்கே சரிசெய்ய வேண்டியவை உண்டு. தவறே செய்யாத ஆளைத் தேடிப் பயனில்லை. நீதிபதியும் தவறு செய்வார், பன்னிரண்டு பேரும் தவறு செய்வார்கள். நடந்த தவறு காகிதத்தில் தெரிகிறதா, மேல் கோர்ட் அதைப் பிடிக்க முடியுமா என்பதை வைத்துத்தான் மூன்று முறைகளையும் அளக்கிறோம்.

நம்மிடம் இருந்த ஜூரி

ஜூரி நமக்குப் புதிதல்ல. 1898-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்த மாவட்டத்தில் எந்தக் குற்றத்துக்கு ஜூரி என்பதை அந்தந்த மாகாண அரசே முடிவு செய்தது. உயர் நீதிமன்றம் நேரடியாக நடத்தும் விசாரணையில் 9 பேர். ஒன்பது பேரும் ஒரே கருத்தென்றால் அதுவே தீர்ப்பு. பிளவு வந்தால் 6 பேராவது ஒரு பக்கம் நிற்க வேண்டும், நீதிபதியும் அதை ஏற்க வேண்டும். ஜூரி இல்லாத மாவட்டங்களில் 'அசெசர்' என்று சிலரை நீதிபதியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர்களிடம் கருத்துக் கேட்கப்படும், ஆனால் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. பேருக்கு இருந்த அந்த முறை 1955 திருத்தத்தோடு போயிற்று.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஜூரி வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்ற கணக்கில் குற்றவாளிகள் ஆனார்கள். சட்டம் கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கை அது. அந்த ஆறு பேர் எந்தச் சாட்சியை நம்பினார்கள், மற்ற மூவர் எதை நம்ப மறுத்தார்கள் என்பதற்குப் பதிவில் ஒரு வரி கிடையாது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீடு திரும்பவும் சென்னையில் விசாரிக்கப்பட்டு, 1947-ல் விடுதலை கிடைத்தபோது இருவரும் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்திருந்தார்கள்.

நானாவதி வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி 8-க்கு 1 என்று விடுவித்தது, செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் ஜூரியை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் தன் 14-வது அறிக்கையில் 1958-லேயே பரிந்துரைத்துவிட்டது; கொலை நடந்தது அதற்கு அடுத்த வருடம். ஏற்கெனவே சாய்ந்திருந்த முறைக்கு அந்த வழக்கு விளம்பரம் கொடுத்தது, அவ்வளவுதான். முழுதாக மறைந்தது 1973-ம் ஆண்டுச் சட்டம் 1974 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது. இன்று மிச்சம் இருப்பது பார்சி விவாகரத்து வழக்குகளில் உட்காரும் 5 பிரதிநிதிகள் மட்டுமே.

பழைய ஜூரியின் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருந்தது. மாவட்டத்தில் ஜூரி தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு போனால் சட்டப் பிழையை மட்டுமே கிளப்ப முடியும். "சாட்சி பொய் சொல்கிறார், ஜூரி நம்பியது தவறு" என்று வாதாட வாசல் கிடையாது. அதனால் வக்கீல்கள், நீதிபதி ஜூரிக்குச் சொன்ன விளக்கவுரையை வரிவரியாகப் பிரித்து அதில் ஏதாவது பிழை கிடைக்குமா என்று தேடினார்கள். உண்மையைப் பற்றிய சண்டை, இலக்கணச் சண்டையாக மாறிப்போனது.

ஒற்றை நீதிபதி: எங்கே பலம், எங்கே ஓட்டை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். கொலை வழக்கு மாஜிஸ்திரேட்டிடமிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு வரும். குற்றச்சாட்டு வனைவு (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று வரையறுப்பது), அரசுத் தரப்புச் சாட்சிகள், குறுக்கு விசாரணை, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடிக் கேள்விகள், எதிர்த்தரப்புச் சாட்சி இருந்தால் அவர்கள், இரு தரப்பு வாதம் என்று போகும். வாதம் முடிந்து 30 நாளில் தீர்ப்பு. காரணம் எழுதினால் 45 நாள் வரை நீட்டலாம். தீர்ப்பில் மூன்று விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும்: தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் முடிவு, அந்த முடிவுக்குக் காரணம்.

அந்த மூன்றாவதுதான் இந்த முறையின் முதுகெலும்பு. "அ.சா. 2 (அரசுத் தரப்புச் சாட்சி 2) சம்பவ இடத்தில் இருந்ததாகச் சொன்னாலும் அவர் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லை, எனவே நம்ப முடியவில்லை" என்று நீதிபதி எழுத வேண்டும். எழுதியதை உயர் நீதிமன்றம் சட்டத்தையும் உண்மையையும் சேர்த்து மறுபடி அலசும். தூக்குத் தண்டனை என்றால் குற்றவாளி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. விருத்தாசலம் அருகே 2003-ல் சாதி மறுத்துத் திருமணம் செய்த இளம் தம்பதி கொல்லப்பட்ட வழக்கில், கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021-ல் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் காவல்துறையினரும் உண்டு. ஒருவருக்கு விதித்த தூக்கு 2022-ல் உயர் நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைந்தது. 18 வருடத் தாமதத்துக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் காரணத்தால் குற்றவாளி, எந்தக் காரணத்தால் தண்டனை குறைந்தது என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. உள்ளூர் ஜூரி அந்த வழக்கில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி ஓட்டைகள். முதலாவது வெளியே அதிகம் பேசப்படாதது, எங்கள் பார்வையில் மிகப் பெரியது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதைத் தொடர்ந்து கத்தியோ நகையோ கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டுமே ஏற்கப்படும். "நான்தான் வெட்டினேன், கத்தியைக் கெடிலம் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே போட்டேன், காட்டுகிறேன்" என்று மகஜர் சாட்சிகள் (பொருள் கைப்பற்றுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள்) முன்னால் எழுதி வாங்கினால், முதல் இரண்டு சொல்லும் கோர்ட்டில் வரக்கூடாது. ஆனால் குற்றப்பத்திரிகையோடு முழு வாக்குமூலமும் வந்துவிடுகிறது. ஜாமீன் மனு, விடுவிப்பு மனு, குற்றச்சாட்டு வனைவு என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதே நீதிபதி அதே காகிதக் கட்டைப் புரட்டுகிறார். பிறகு "அதை நான் பார்க்கவில்லை" என்ற மனநிலையில் தீர்ப்பு எழுத வேண்டும். நல்ல நீதிபதிகள் முயல்கிறார்கள். எல்லாராலும் முடியும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது ஓட்டை பழக்கம். வி.ஏ.ஓ. முன்னால் "தானாக வந்து" குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கதை தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் எத்தனை முறை வருகிறது என்பது கோர்ட் குமாஸ்தாவுக்கும் தெரியும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நீதிபதி இரண்டில் ஒன்றாகிறார்: எதையும் நம்பாதவர், அல்லது எல்லாவற்றையும் சடங்காக ஏற்பவர். முதல் தடவையாகக் கேட்கும் சாதாரண ஆள்தான் "முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் போய் ஏன் கொலையைச் சொல்ல வேண்டும்?" என்று கேட்பான்.

மூன்றாவது வாய்தா. தினமும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு மாதம் இரண்டு சாட்சி, அடுத்த மாதம் பி.பி. (அரசு வக்கீல்) இல்லை, அதற்கடுத்த மாதம் நீதிபதி மாற்றம். புதிதாக வருபவர் முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே மேலே போகலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. விளைவு, நேரில் பார்த்த சாட்சியின் முகத்தைப் பார்க்காத ஒருவர் அவரை நம்பலாமா என்று முடிவு செய்கிறார்.

பிறழ் சாட்சியை (முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவரை) ஒற்றை நீதிபதியின் குறையாகச் சேர்ப்பது நியாயமில்லை. காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கை, நியாயமான சூழல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் புதுச்சேரிக்கு மாற்றியது. 2013 நவம்பரில் புதுச்சேரி செஷன்ஸ் கோர்ட் 23 பேரையும் விடுவித்தது. அந்த வழக்கில் 80-க்கு மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். இடத்தை மாற்றினாலும் சாட்சியை மாற்ற முடியவில்லை. அங்கே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் கேட்டிருக்கப்போவது அதே வாக்குமூலங்களைத்தான்.

12 பேர் ஜூரி: நம் ஊரில் கொண்டுவந்தால்

இதன் நல்ல பக்கத்தை மறைக்கக் கூடாது. ஜூரி முறையில் சட்டம் நீதிபதிக்கு, உண்மை ஜூரிக்கு. ஏற்கக்கூடாத வாக்குமூலம் பற்றிச் சண்டை வந்தால் ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதி முடிவு செய்வார். தள்ளப்பட்ட காகிதம் ஜூரியின் கண்ணில் படவே படாது. மேலே சொன்ன முதல் ஓட்டை இங்கே அடியோடு அடைபடுகிறது. ஜூரிக்குப் பதவி உயர்வு கிடையாது, மாற்றல் கிடையாது. மனசாட்சிப்படி சொன்ன தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று இங்கிலாந்தில் 1670-லேயே புஷெல் வழக்கில் முடிவாகிவிட்டது. இன்னொன்று, எல்லாவற்றையும் சாதாரணத் தமிழில் விளக்கியாக வேண்டும். "மேற்படி எதிரி மேற்படி இடத்தில்" என்ற நடை ஒரே வாரத்தில் செத்துப்போகும்.

ஆனால் நடத்திப் பார்த்தால் எங்கே முறியும்?

முதலில் தொடர் விசாரணை. இருபத்தைந்து சாட்சிகள் உள்ள சுமாரான கொலை வழக்கில் ஒரு நாளுக்கு 4 பேர் என்றால் 6 அல்லது 7 நாள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வி, வாதம், விளக்கவுரை, கலந்தாய்வு சேர்த்து சுமார் 10 வேலை நாள். பன்னிரண்டு பேரை இரண்டு வருடத்துக்கு வாய்தா போட்டுக் கூப்பிட முடியாது, எனவே பத்து நாளும் தொடர்ச்சியாக நடக்க வேண்டும். அதற்குள் எல்லாச் சாட்சியும் வரிசையில் நிற்க வேண்டும்: ஜிப்மரில் உடற்கூறாய்வு செய்த இளம் டாக்டர் படிப்பு முடிந்து வேறு மாநிலம் போயிருப்பார், இன்ஸ்பெக்டர் ராமநாதபுரத்துக்கு மாறியிருப்பார், தடய அறிவியல் நிபுணருக்கு அதே நாளில் வேறு கோர்ட்டில் சம்மன் இருக்கும். ஒருவர் வராவிட்டால் பன்னிரண்டு பேரின் கூலி அன்றைக்கு வீண்.

அடுத்தது ஆள் எடுப்பது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை 26 லட்சம், அதில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். நேர்மையாகக் குலுக்கிப் போட்டால், 12 பேர் ஜூரியில் அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை. 9 பேர் என்றால் நூற்றுக்குச் சுமார் 4. 6 பேர் என்றால் 12-ஐத் தாண்டும். எண்ணிக்கை குறையக் குறைய ஒரு சமூகம் முழுதாக விடுபடும் ஆபத்து வேகமாக ஏறுகிறது. இந்த ஒரு விஷயத்தில் பெரிய ஜூரிதான் மேல், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் குலுக்கலுக்குப் பிறகு நிராகரிப்பு என்று ஒன்று இருக்கிறது. இரு தரப்பும் காரணம் சொல்லாமல் சிலரை வேண்டாம் என்று தள்ளலாம். அமெரிக்காவில் இதைக் கறுப்பின ஜூரிகளைக் கழிக்கப் பயன்படுத்தினார்கள். இனத்தை வைத்துத் தள்ளக்கூடாது என்று 1986-ல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகும் வக்கீல்கள் வேறு சாக்குச் சொல்லி அதையே செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லைதான். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்ற இரண்டு கேள்வி போதும்.

இலங்கையில் ஜூரி இன்றும் இருக்கிறது. 7 பேர், குறைந்தது 5-க்கு 2 என்ற பெரும்பான்மை. குற்றம் சாட்டப்பட்டவர் ஜூரி வேண்டும் என்று கேட்கலாம், எந்த மொழி பேசும் ஜூரி என்றும் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்டார். 2016 டிசம்பரில், முழுக்கச் சிங்களம் பேசுவோர் கொண்ட ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட 5 பேரையும் விடுவித்தது. அந்த ஏழு பேர் சாட்சியத்தை எடைபோட்டு நேர்மையாகவே முடிவுக்கு வந்திருக்கலாம். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அதைக் காட்ட ஒரு காகிதம் கிடையாது. இங்கிலாந்திலும் ஜூரி அறைக்குள் நடந்ததை வெளியே சொல்வது குற்றம். பன்னிரண்டில் 10 பேர் ஒத்துப்போனால் போதும் என்று 1967 முதல் இருக்கிறது, ஆனால் ஏன் ஒத்துப்போனார்கள் என்று யாரும் கேட்க முடியாது.

ஜூரியும் காரணம் எழுதலாமே என்றால், எழுதலாம். ஸ்பெயினில் 1995 சட்டப்படி 9 பேர் ஜூரி. குற்றவாளி என்று சொல்ல 7 ஓட்டு, விடுவிக்க 5 ஓட்டு, எந்தச் சாட்சியத்தால் என்று சுருக்கமாக எழுதவும் வேண்டும். சட்டப் பயிற்சி இல்லாத ஒன்பது பேர் எழுதும் காரணத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது வக்கீலுக்குக் கடினமல்ல. காரணம் போதவில்லை என்று மேல் கோர்ட் மறுவிசாரணைக்கு அனுப்பும் கதை அங்கே உண்டு.

மலேசியா 1995-ல் ஜூரியைக் கைவிட்டது, சிங்கப்பூர் அதற்கு வெகு முன்பே. பல இனம் கலந்து வாழும் சிறிய ஊர்களில் இந்த முறை தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்பதற்கு மேல் இதில் நமக்குப் பாடம் அதிகமில்லை.

கலப்பு அமர்வு: பிரெஞ்சு வழி

பிரான்சின் 'கூர் தாசீஸ்' நீதிமன்றத்தில் 3 நீதிபதிகளும் 6 ஜூரிகளும் ஒரே மேடையில் உட்காருகிறார்கள். 2011 வரை ஜூரி 9 பேர், செலவைக் குறைக்க 6 ஆக்கினார்கள். ஜூரி ஆக 23 வயது நிரம்பியிருக்க வேண்டும், பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பு வந்து சரியான காரணமின்றிப் போகாவிட்டால் 3,750 யூரோ அபராதம். கலந்தாய்வில் ஒன்பது பேரும் ஒரே அறையில் பேசுவார்கள், ஓட்டு மட்டும் ரகசியச் சீட்டு. வெற்றுச் சீட்டு குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக எண்ணப்படும்.

இதில் நுணுக்கம் ஓட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. 2012 முதல் சுமார் பத்து வருடம், குற்றவாளி என்று சொல்ல 9-ல் 6 ஓட்டு போதும் என்று வைத்திருந்தார்கள். மூன்று நீதிபதியும் ஒரே பக்கம் நின்றால் ஜூரிகளில் 3 பேர் போதும். அதாவது பொதுமக்களில் பாதிப்பேர் எதிர்த்தாலும் தண்டனை. 2021 டிசம்பர் சட்டம் இதை 7 ஆக்கியது. இப்போது மூன்று நீதிபதியும் சேர்ந்தாலும் ஜூரிகளில் 4 பேர், அதாவது பெரும்பான்மை, ஒத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டில் 3 நீதிபதி, 9 ஜூரி. தேவை 8 ஓட்டு, ஆக ஜூரிகளில் 5 பேர். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் ஜூரி பொம்மையாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜப்பானில் 2009 முதல் 3 நீதிபதி, 6 குடிமக்கள் முறை. அங்கே பெரும்பான்மையில் இரு தரப்பிலும் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கணக்கே உறுதியானது.

எங்களுக்கு இந்த முறை பிடிப்பதற்குக் காரணம், 2012 முதல் தீர்ப்புக்கான முக்கியக் காரணங்களை நீதிபதி எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும், 2000-ம் ஆண்டுச் சட்டத்தால் முழு மேல்முறையீடு வந்திருப்பதும். கேள்வி கேட்கும் புதுக்கண் ஜூரியிடம், எழுதும் கை நீதிபதியிடம். ஆங்கிலேய ஜூரியில் காணாமல் போகும் காகிதம் இங்கே திரும்பக் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. ஒன்று, நீதிபதியின் அதிகாரம். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற நம் ஊர்ப் பழக்கத்தில், மூன்று நீதிபதிகள் முன்னால் பண்ருட்டிப் பலாக்கொட்டை வியாபாரி எதிர்க்கருத்து சொல்வாரா? ரகசியச் சீட்டு பாதிதான் உதவும். பேச்சிலேயே அடங்கிப்போனவர் சீட்டிலும் அடங்குவார். பொதுமக்கள் முதலில், நீதிபதிகள் கடைசியில் பேசுவது என்று விதி வைக்க வேண்டும். இன்னொன்று, பிரான்சே இதிலிருந்து பின்வாங்குகிறது. 15 முதல் 20 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களை 2023 ஜனவரி முதல் ஜூரி இல்லாத, 5 நீதிபதிகள் கொண்ட கோர்ட்டுகளுக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் தேக்கமும் செலவும்தான். வசதியுள்ள நாடே தாங்க முடியாததை நாம் எல்லா வழக்குக்கும் தாங்க முடியாது.

எந்த வழக்குக்கு, எப்படி

அதனால் தேர்வு குறுகலாக இருக்க வேண்டும். காவல் நிலைய மரணங்களில் கலப்பு அமர்வு பொருந்தும். அங்கே சிக்கலே, தினமும் கோர்ட்டுக்கு வந்து போகும் போலீஸும் கோர்ட்டும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டது என்பதுதான். வெளியாள் கண் தேவைப்படும் இடம் அது. குடும்பத்துக்குள் நடக்கும் விஷம், தூக்கு, தீ மரணங்களில், சூழ்நிலைச் சாட்சியத்தை எடைபோட, வீடு வாசல் தெரிந்தவர்களின் அனுபவம் பயன்படும்.

பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமை வழக்குகள், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்குகள் வேண்டவே வேண்டாம். முதலாவதில் ஊர்ப் பெரும்பான்மையே எதிரி; இரண்டாவதில் குழந்தையின் வாக்குமூலம் எத்தனை குறைவான காதில் விழுகிறதோ அத்தனை நல்லது. ரவுடிக் கும்பல் கொலைகளும் வேண்டாம். சாட்சியையே மிரட்டும் கூட்டம் ஜூரியின் வீட்டு முகவரியை அரை நாளில் எடுத்துவிடும். இலங்கை போலக் குற்றம் சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுக்கும் உரிமையும் கூடாது. தனக்கு வசதியான ஊரில் வசதியான கூட்டத்தைத் தேடிக்கொள்ளும் வழியாக அது மாறிவிடும். வழக்கின் வகையைச் சட்டமே சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கை 6 வேண்டாம், 9. மேலே சொன்ன 29 சதவீதக் கணக்குதான் காரணம். செஷன்ஸ் நீதிபதி தலைமையில் ஒரு சார்பு நீதிபதி, ஒரு தலைமைக் குற்றவியல் நடுவர் என 3 பேர். மொத்தம் 12, குற்றவாளி என்று சொல்ல 8 ஓட்டு. இடையில் வர முடியாமல் போகிறவர்களுக்குப் பதிலாக 3 மாற்று ஜூரி. முதல் நாள் 36 பேரை அழைத்து 12 பேரை (9 ஜூரி, 3 மாற்று) வைத்துக்கொள்வதாக வைப்போம். ஒரு நாளுக்கு 800 ரூபாய் படி என்றால், 12 பேருக்கு 10 நாள் 96,000. திரும்பிப் போகும் 24 பேருக்கு 19,200. ஒரு வழக்குக்கு ஜூரிப்படி மட்டும் 1,15,200 ரூபாய். படியை 200, 300 என்று குறைத்தால் கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றும் ஆளும் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளியும் ஏதாவது சொல்லி விலகிவிடுவார்கள். மிஞ்சுவது ஓய்வுபெற்ற அதிகாரிகளும் கடை முதலாளிகளும். சொத்தும் அந்தஸ்தும் பார்த்து ஆள் எடுத்த பழைய காலத்துக்கே திரும்பிப் போனதாகிவிடும்.

நிராகரிப்பு பிரெஞ்சு முறையில் இருக்கட்டும். ஜூரியைக் கேள்வி கேட்டுத் துருவக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் 4 பேர், அரசுத் தரப்பு 3 பேர் வரை தள்ளலாம், காரணம் சொல்லவும் கூடாது. ஊரும் தெருவும் விசாரிக்க வழியில்லாமல் செய்வது முக்கியம். கொலை நடந்த காவல் நிலைய எல்லைக்குள் வசிப்பவர் பெயர் குலுக்கலிலேயே வரக்கூடாது.

கலப்பு அமர்வுக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை மூன்று. ஜாமீன், விடுவிப்பு மனு, குற்றச்சாட்டு வனைவு ஆகியவற்றை ஒரு நீதிபதி பார்க்கட்டும், விசாரணையை வேறொருவர் நடத்தட்டும், விசாரிப்பவர் மேசைக்குப் போலீஸ் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி மட்டும் போகட்டும். சாட்சியத்தை ஒலி-ஒளியாகப் பதிந்தால், மாற்றலில் வரும் புது நீதிபதி சாட்சியின் முகத்தையாவது பார்ப்பார்; மின்னணு முறைக்குப் புதிய சட்டம் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. சாட்சிகள் பட்டியல் முழுக்கத் தயாராகும் வரை முதல் சாட்சியையே கூண்டில் ஏற்றாமல், ஏற்றிய பிறகு நிறுத்தாமல் நடத்த வேண்டும். இது சரிப்படாத கோர்ட்டில் ஜூரி முறை பத்து நாள்கூடத் தாங்காது.

தொடங்குவதென்றால் கடலூர் மாவட்டத்தில் தொடங்கலாம். 26 லட்சம் பேர் உள்ள பட்டியலில் சிதம்பரம் வழக்குக்குத் திட்டக்குடியிலிருந்து ஆள் எடுக்க முடியும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2011-ல் இருந்தவர்கள் சுமார் 12.5 லட்சம், அதிலும் நான்கு துண்டு. புதுச்சேரிப் பகுதி சமாளிக்கும். காரைக்காலின் 2 லட்சத்தில் கொஞ்சம் சிரமப்பட்டு நடத்தலாம். ஏனாமில் தெலுங்கு, சுமார் 55,000 பேர். மாஹேயில் மலையாளம், சுமார் 42,000 பேர். ஒரு கொலை நடந்தால் இறந்தவரையோ குற்றம் சாட்டப்பட்டவரையோ தெரியாத ஒன்பது பேரை அங்கே தேடிப்பிடிப்பது நடக்காது, புதுச்சேரியிலிருந்து அனுப்பினால் மொழி தெரியாது. அந்த இரண்டு இடங்களிலும் ஒற்றை நீதிபதியே தொடரட்டும்.